நிழலான இடம்

எங்கள் தெருவில் அவருக்குக் கூலிங் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும், அதை யாரும் உபயோகித்துப் பார்த்ததில்லை. ஏசி மாட்டுவது, கழற்றுவது, கேஸ் நிரப்புவது என்று எந்த நேரமும் யார் வீட்டுச் சுவரிலாவது தொற்றிக்கொண்டிருப்பார். இடுப்பில் ஸ்பேனர், காதில் பென்சில், தோளில் சுருட்டிய செம்புக் குழாய். தொழிலில் ஒரு பொய் சொல்லமாட்டார். சின்ன அறைக்குப் பெரிய ஏசி வேண்டும் என்று கேட்டால், “கரண்டுக்குன்னே சம்பாதிக்கப் போறீங்களா?” என்று திட்டிவிட்டு வருவார். மாட்டி முடித்ததும் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, எந்தப் பட்டன் எதற்கு, எந்தக் காலத்தில் எந்த அளவில் வைக்க வேண்டும், வெளிச்சுவரில் உட்காரும் அவுட்டோர் பெட்டி மூச்சுவிட எவ்வளவு இடம் வேண்டும் என்று பாடம் நடத்துவார். கேட்டு முடிக்காமல் யாரும் நகர முடியாது. பிறத்தியார் வீட்டில் அவ்வளவு வாய். சொந்த வீட்டுப் படியில் கால் வைத்தால் வாயில் பூட்டு விழுந்துவிடும்.

அந்த வீடு எங்களுக்குப் பக்கத்து வீடு. கீழே தம்பி குடும்பம், மாடியிலிருக்கும் ஒற்றை அறையில் கூலிங்கும் அவர் பெண்டாட்டியும். அப்பா கட்டிய வீடு, இருவருக்கும் பொதுதான். ஆனால் சுவர் விரிசல் விட்டபோது இடித்துப் பூசி நிமிர்த்தியவன் தம்பி. அன்றிலிருந்து அது தம்பி வீடு. அண்ணனை மாடிக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். “புள்ள குட்டி இல்லாதவங்களுக்கு எதுக்குக்கா பெரிய வீடு?” என்று தம்பி பெண்டாட்டி என்னிடமே கேட்டிருக்கிறாள். அவளுடைய நாக்கு அப்படி.

மாடி அறைக்கு மேலே வெறும் தளம், பகலெல்லாம் காயும். ஒரே ஒரு நல்லது, பின்பக்கத்து ஜன்னல். சுவர் அங்கே உள்வாங்கி ஒரு மூலை விட்டிருக்கும். நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் நாள் முழுக்க ஒரே சீராக வரும். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சந்தில் எப்போதும் ஒரு காற்று ஓடிக்கொண்டிருக்கும். கூலிங்கின் பெண்டாட்டி தையல்காரி. அந்த ஜன்னலை ஒட்டித்தான் தையல் மெஷினைப் போட்டிருந்தாள். கல்யாண கவுன் கடை வைத்திருக்கும் அம்மா ஒருத்தி மணப்பெண் கவுன்களையெல்லாம் இவளிடம்தான் கொடுப்பாள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் வெள்ளை மணி கோக்கிற வேலை. ட்யூப்லைட்டில் தையல் எங்கே ஓடுகிறதென்றே கண்ணில் படாது, பகல் வெளிச்சம்தான் வேண்டும். ஜன்னல் இருந்ததால் அவளுக்கு அந்த வேலை இருந்தது. வேலை இருந்ததால் கொழுந்தன் வீட்டு மாடியில் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, அவள் ஜன்னல். நான் காய் நறுக்குவேன், அவள் தைப்பாள். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், மீதிக்குத்தான் படியேறிப் போவேன்.

தம்பி ஏசி வாங்கிய அன்று, தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போயிருந்தேன். அட்டைப்பெட்டி கூடத்தின் நடுவில் இருந்தது. ஆளாளுக்குத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

“அண்ணே, இது புது மாடலு. கரண்டே குடிக்காதுன்னான் கடைக்காரன். நெசமா?” என்று தம்பி கேட்டான்.

“குடிக்காதுதான். வைக்கிற எடத்துல வச்சா. அவுட்டோரைக் கொண்டுபோய் வெயில்ல வச்சா எந்தக் கொம்பன் மெஷினும் கரண்டை இழுக்கத்தான் செய்யும்.”

“முன்னாடி வேணாம் மாமா,” என்றாள் தம்பி பெண்டாட்டி. “வாசல்ல வந்து நிக்கிறவங்க கண்ணுல மொதல்ல அதுதான் படும்.”

“முன்னாடி சாயங்கால வெயிலு. நானே வைக்கமாட்டேன். மொட்டைமாடின்னா பைப்பு நீளமாப் போவும், போற வழியிலயே பாதி வீணாயிடும்.”

பென்சிலால் சுவரைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். நாங்களும் பின்னாலேயே சுற்றினோம். பின்பக்க மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். மேலே பார்த்தார். கையை நீட்டிக் காற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“இங்கதான். நிழலு இருக்கு, காத்து இருக்கு. பெட்ரூம் நேரா உள்ள, பைப்பு ரெண்டு முழம் போதும். தம்பி, இதைவிட நல்ல எடம் இந்த வீட்டுலயே கெடையாது.”

நல்ல இடம்தான். அதனால்தான் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி மாடிப்படியில் வந்து நின்றவள், “என்னங்க, அது என் ஜன்னலு,” என்றாள்.

“ஜன்னலை யாரு பேத்துக்கிட்டுப் போறா? அதுக்குக் கீழ சன்ஷேட்டு மேல உக்காரப் போவுது. ஜன்னல் பாட்டுக்கு ஜன்னல்.”

“சூட்டை எந்தப் பக்கம் விடும்?”

“வெளியத்தான்.”

“வெளியன்னா, எனக்கா?”

கூலிங் பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டார். தம்பி சிரித்தான். “அண்ணி, அண்ணன் தொழில்காரரு. அவருக்குத் தெரியாததா? அண்ணே, உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லிடுங்க. வேற ஆளைக் கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்.”

வேற ஆள். சொந்தத் தம்பி வீட்டில், தெருவே பார்க்க, இன்னொருத்தன் வந்து துளை போடுவதா? கூலிங் மறுபேச்சு பேசாமல் ட்ரில்லைக் கையிலெடுத்தார். சாயங்காலத்துக்குள் ஆங்கிள் அடித்து, பெட்டியை ஏற்றி, குழாயை வளைத்து, குழாய்க்குள்ளிருந்த காற்றை வேக்கம் போட்டு இழுத்து முடித்துவிட்டார். வேலை சுத்தம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு இடத்தில் சுவர் பெயரவில்லை, ஒரு வயர் தொங்கவில்லை. கீழ்வீட்டுக்காரர்களை நிறுத்தி வழக்கம்போலப் பாடமும் நடத்தினார். அவர் பெண்டாட்டி மேலே ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ட்ரில் தூசி அவ்வளவும் உள்ளே வந்திருந்தது.

வெயில் காலம் வந்தது. பெட்டி ஊதுகிற அனல் எங்கள் சுவரில் மோதித் திரும்பி நேராக அவள் ஜன்னலில் ஏறியது. என் ஜன்னல் தள்ளியிருந்ததால் நான் தப்பித்தேன். ஜன்னலைச் சாத்தினால் தளத்துச் சூட்டில் வேக வேண்டும், திறந்தால் கீழ்வீட்டுச் சூட்டில் வேக வேண்டும். தையல் மெஷினை எதிர்மூலைக்கு இழுத்துப் பார்த்தாள், வெளிச்சம் இல்லை. மறுபடி பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்தாள். பிடரியில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தைப்பாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. சொறிந்தால் விரல் துணியில் படுமென்று சொறியக்கூட மாட்டாள்.

கீழே வேறு கதை. “குளுரு தாங்கலைக்கா, போர்வை போத்திக்கிட்டுத்தான் தூங்கறோம்,” என்பாள் தம்பி பெண்டாட்டி. “கரண்ட் பில்லைப் பாத்து அவரே நம்பல. மாமா கை பட்டா அப்படி!” தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கூலிங்குக்கு ஏகப்பட்ட வேலை வந்தது. வருகிறவர்களையெல்லாம் பின்பக்கம் கூட்டிப்போய், “எடம் பாத்தீங்களா எடம்?” என்று காட்டுவார். காட்டும்போது மேலே ஜன்னலில் ஒரு தலை தெரியும். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் தம்பி பெண்டாட்டி ஒரு வாளி ஈரத்துணியோடு மாடியேறி வந்தாள். “அக்கா, உங்க பக்கம் சூடாத்தான இருக்கு? இந்த ஜன்னல் கம்பியில போட்டுடுங்க, சட்டுனு காஞ்சிடும்.” அன்றிலிருந்து கீழ்வீட்டு ஜட்டி பனியனெல்லாம் அவள் முகத்துக்கு நேரே தொங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீ ஏண்டி வாங்கிப் போடறே?” என்று கேட்டேன். “விடுங்கக்கா, ஈரத்துணி தொங்கினா காத்து கொஞ்சம் குளுமையாத்தான் வருது,” என்றாள். அவளை என்ன செய்வது?

புருஷனிடம் கேட்காமல் இல்லை. சமையலறையில் நின்றால் எனக்கு எல்லாம் காதில் விழும்.

“அதைக் கொஞ்சம் அந்தண்டை தள்ளி வைக்கக் கூடாதா?”

“தள்ளி வச்சா வெயிலு.”

“எனக்கு இங்க தீயா எரியுது.”

“சூடுன்னா அது எங்கயும் காணாமப் போவாதுடி. ஒரு எடத்துல எடுத்தா இன்னொரு எடத்துல விட்டுத்தான் ஆவணும்.”

“அந்த இன்னொரு எடம் நான்தானா?”

“நீ எதுக்கு? சூட்டை வெளிய தள்ளறதுக்குன்னு கண்டென்சர் இருக்கு,” என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. கேலி செய்யவில்லை. உண்மையாகவே பதில் சொன்னார். அதுதான் கொடுமை.

வெயில் உச்சத்தில் கவுன் கடை அம்மா படியேறி வந்தாள். கையில் தைத்துக் கொடுத்த கவுன். நானும் அங்கே இருந்தேன். கழுத்துப் பட்டியில் மஞ்சளாக ஒரு கறை.

“பொண்ணு போட்டுக்கப் போற கவுனும்மா இது. யாரோட வேர்வைன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“தொவைச்சுக் குடுத்துடறேம்மா.”

“தொவைச்ச கவுனைப் புதுசுன்னு விக்கச் சொல்றியா? உன் கையில குத்தம் சொல்லல. இந்த ரூமுல ஒரு மனுஷி உக்கார முடியுமா? எனக்கே நெஞ்சை அடைக்குது. குளிர் வரட்டும், அப்பப் பாக்கலாம்.”

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே சொல்தான். குளிர் வரட்டும். கீழே யாராவது சத்தம் போட்டாலும், புருஷன் பேசாமல் தின்றுவிட்டுப் படுத்தாலும், வேர்க்குரு உடைந்து தண்ணீர் வந்தாலும், “குளிர் வந்துட்டா இது நின்னுடும்க்கா,” என்பாள். அதுவரை கிழிசல் தைத்துக்கொண்டும், பேண்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டும் ஓட்டினாள்.

குளிர் வந்தது. பெட்டி நின்றது. சந்தில் பழைய காற்று வீச ஆரம்பித்ததும் அவள் முகமே மாறிப்போனது. வேர்க்குரு உதிர்ந்தது. கவுன் கடைக்கு அவளே நடந்துபோய் ஒரு கவுனை வாங்கி வந்தாள். ஜன்னலடியில் அதை விரித்துப் போட்டுக்கொண்டு எனக்குக் கையாட்டினாள்.

இரண்டொரு நாள் கழித்து, ஏதோ தடித்த துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தையல் போட்டது.

“என்னடி அது, மெத்தையா?”

“அவுட்டோருக்குக்கா. சட்டை.”

“அதுக்குச் சட்டையா? ஒரு கோடை முழுக்க உன்னை வாட்டி எடுத்துச்சு.”

“அது என்னக்கா பண்ணும்? வச்ச எடத்துல இருந்துச்சு. இனிமே வெயில் வர்ற வரைக்கும் அதுக்கு வேலை இல்ல. தூசு, மழை படாம தூங்கட்டும்.” பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தாள். “இவருக்கும் சந்தோஷமா இருக்கும். இவரு மெஷினு ஆச்சே. நான் தைச்சு இவரு எதையும் போட்டுப் பாத்ததில்ல, இதையாவது பாக்கட்டும்.”

அதைச் சொல்லும்போது அவள் வெட்கப்பட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு அவளே அதை மாட்டினாள். அளவு எடுக்காமலே அப்படிக் கச்சிதம். குழாய் போகிற இடத்தில் ஓட்டை விட்டு ஓரம் மடித்திருந்தாள். பக்கவாட்டில் வரிசையாகப் பொத்தான். ஒரு பொட்டுக் காற்று உள்ளே போக வழியில்லை. கூலிங் அன்று வெளியூரில் வேலையாக இருந்தார், மறுநாள் காலையில்தான் வந்தார்.

எங்கள் ஊரில் வெயிலைப் போலவே குளிரும் கடுமை. அந்த ஏசி சூடும் கொடுக்கும். குளிர்காலத்தில் திருப்பி ஓடும், வெளியிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே விடும், அப்போது அவுட்டோர் பனிக்காற்றை ஊதும். கரண்ட் அடுப்பு வைத்துக் கொளுத்துவதைவிட அதுதான் சிக்கனம் என்று கூலிங் வீடு வீடாகச் சொல்லியிருந்தார். எனக்கும் இதெல்லாம் பிறகுதான் தெரியும். என் வீட்டில் ஏசி இல்லை, எனவே எனக்குப் பாடம் நடக்கவில்லை. அவள் வீட்டில் ஏசி இருந்தது, மாட்டியவரே புருஷன், அவளுக்கும் நடக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் நல்ல குளிர். கீழே பட்டனைத் தட்டியிருக்கிறார்கள். நான் அடுப்பு வேலையாக நிற்கும்போது கடகடவென்று ஒரு சத்தம், பிறகு டமாரென்று ஒன்று, பிறகு பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். எட்டிப் பார்த்தால் கவரின் ஓரமெல்லாம் பனி கட்டி வெளுத்துக் கிடந்தது. கீழே தம்பி பெண்டாட்டி அலறினாள். வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய கூலிங் பையைப் போட்டுவிட்டு ஏணியைச் சாத்தி ஏறினார்.

பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே ஒரே பனிப்பாளம். அதில் அடித்து ஃபேன் இறக்கை உடைந்து கிடந்தது, மோட்டார் எரிந்திருந்தது. உருகிய வயர் அவர் கையோடு வந்தது. அவர் அந்தப் பாளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தபடி அப்படியே நின்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதற்குள் சந்தில் நாலு வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். போன மாதம் கூலிங் ஏசி மாட்டிக் கொடுத்த வீட்டுக்காரரும் அதில் ஒருவர்.

“வேணும்னே பண்ணியிருக்காங்க!” என்றாள் தம்பி பெண்டாட்டி. “பாருங்க, மூச்சுவிட வழியில்லாம மூடி, பொத்தான் வேற போட்டு!”

தையல்காரி ஓடி வந்தாள். விரலில் ஊசி அப்படியே இருந்தது. “குளிர் காலத்துல இது ஓடாதுன்னு நெனைச்சேன் தங்கச்சி. தூசு படாம இருக்கட்டும்னுதான்...”

“ஓடாதா? சூடு குடுக்கற மெஷினுன்னு ஊருக்கே தெரியும். மாமா பெண்டாட்டிக்குத் தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாது. ஏசின்னா வெயிலுக்குன்னுதான் நெனைச்சேன்.” ஏணியை அண்ணாந்து பார்த்தாள். “என்னங்க, நீங்க சொல்லுங்க. என்கிட்ட ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களா?”

எல்லோரும் கூலிங்கைப் பார்த்தோம். தம்பி கேட்டான், “அண்ணே, மாட்டற வீட்டுல எல்லாம் நிக்க வச்சு சொல்லிக் குடுப்பீங்களே. சொந்த வீட்டுல சொல்லலையா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கூலிங் கூட்டத்தைப் பார்த்தார். போன மாதத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். கையிலிருந்த உடைந்த இறக்கையைப் பார்த்தார். பெண்டாட்டியை மட்டும் பார்க்கவில்லை.

“சொல்லாம இருப்பனா?” என்றார். “நூறு தடவை சொல்லியிருக்கேன். தெரிஞ்சுதான் பண்ணியிருக்கா.”

என்னால் அடக்க முடியவில்லை. “பொய் சொல்லாதய்யா! அவளுக்குத் தெரியாது. தைக்கும்போதே என்கிட்ட சொன்னா, அது தூங்கட்டும்னு!” என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

“நீங்க உங்க அடுப்பைப் பாருங்கக்கா,” என்றாள் தம்பி பெண்டாட்டி.

தையல்காரி குனிந்தாள். கீழே விழுந்து கிடந்த கவரை எடுத்து, பனியை உதறி, நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள். அழுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அழவில்லை. தொழிலில் ஒரு பொய் சொல்லாத மனுஷன், அந்த ஒரு பொய்யையும் சேர்த்து வைத்து அவளுக்கென்று சொன்னார்.

புது அவுட்டோர் வந்து இறங்கியதும், தம்பி அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தினான். அவன் கெட்டவனாகப் பேசவில்லை, நிதானமாகத்தான் பேசினான்.

“அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. திரும்ப இப்படி ஆவக் கூடாது. ஒண்ணு, மெஷினை வேற எடத்துல வைக்கணும். இல்ல, ஜன்னலை மூடிடணும். உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்க.”

அவள் மாடிப்படியில் நின்றிருந்தாள், முதல் நாள் நின்ற அதே படி. கூலிங் முன்பக்கத்து மேற்குச் சுவரைப் பார்த்தார். மொட்டைமாடியைப் பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

“வேற எடமா?” என்றார். “இதைவிட நல்ல எடம் இந்த வீட்டுலயே கெடையாது தம்பி.”

அவளே உள்ளேயிருந்து பலகையைப் பிடித்துக்கொண்டாள். கூலிங் வெளியே ஏணியில். இரண்டு பலகை, நடுவில் சூடு தாங்கும் வெள்ளை அட்டை, சுற்றிலும் நுரை அடித்து இடுக்கெல்லாம் அடைத்தார். “நேராப் புடி. கோணுது பாரு. இன்னும் கொஞ்சம் மேல. அங்கயே இரு,” என்று அவர் சொல்லச் சொல்ல அவள் தூக்கித் தூக்கிப் பிடித்தாள். கடைசியாக ஒரு கையளவு இடைவெளி இருக்கும்போது என் சமையலறைப் பக்கம் பார்த்தாள். நான் கையாட்டினேன். அவளுக்கு இரண்டு கையும் பலகையில் இருந்தது.

“இனிமே உனக்கு சூடும் வராது, குளுரும் வராது,” என்றார் கூலிங். அன்றைக்குத்தான் அவர் குரலில் ஒரு கனிவைக் கேட்டேன். “நல்லதுதான?”

உள்ளேயிருந்து பதில் வந்ததோ வரவில்லையோ, நுரை அடைத்திருந்ததால் எனக்குக் கேட்கவில்லை.

வெள்ளைத் துணி எடுப்பதை அவள் விட்டுவிட்டாள். ஜன்னலடியில் பாதி தைத்திருந்த கவுனைக் கடை அம்மா ஆள் விட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது கறுப்புப் பேண்ட், பள்ளிக்கூடப் பை, திரைச்சீலைதான் தைக்கிறாள். நேற்று ஒரு பையைத் தைக்கக் கொடுக்கப் போனேன். ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பாக இறங்கியிருந்தது அவளுக்கு.

உட்காரக்கூட இல்லை, கூலிங் யாரோ ஒரு புது வாடிக்கைக்காரரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றாமல் நேராக ஜன்னல் இருந்த இடத்துக்கு நடந்தார். அவள் எழுந்து ஒதுங்கி நின்றாள்.

“கையை வச்சுப் பாருங்க சார். அந்தப் பக்கம் அவுட்டோர் ஓடுது. ஏதாவது தெரியுதா?”

அவர் பலகையில் உள்ளங்கையை வைத்தார். காதையும் வைத்துப் பார்த்தார். “பிரமாதம். ஒண்ணுமே தெரியலையே!”

“உள்ள இருக்கறது உள்ள, வெளிய இருக்கறது வெளிய. மாடல் மாதிரி வச்சிருக்கேன், எல்லாரும் வந்து பாக்கறாங்க.”

இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். அவள் மறுபடி உட்கார்ந்தாள். நூல் ஊசியில் ஏறவில்லை. எச்சில் தொட்டு முறுக்கினாள், மறுபடியும் ஏறவில்லை. நிமிராமலேயே கேட்டாள்.

“வெளிய இருட்டிடுச்சாக்கா?”

பகல் பன்னிரண்டு மணி. படியேறி வரும்போது வெயில் என் தலையைப் பிளந்திருந்தது. “இல்லடி,” என்றேன். அவள் கையிலிருந்து ஊசியை வாங்கி, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, நானே கோத்துக் கொடுத்தேன்.